எடுக்காமல் விட்ட சிரிப்பு

படப்பிடிப்பு நாளில் நான் காலையில் பசியாறுவதில்லை. பயம். இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை. இன்னும் வயிறு ஒத்துக்கொள்வதில்லை. காலை ஏழு மணிக்கு ஆட்கள் வந்து சேர்வார்கள். யார் வரவில்லை என்று பார்ப்பது முதல் வேலை. வானத்தைப் பார்ப்பது இரண்டாவது வேலை. டைரக்டர் என்றால் சத்தம் போடுகிறவர் என்று நினைக்கிறார்கள். எனக்குச் சத்தம் வராது. பயந்தவனுக்கு எங்கிருந்து வரும்.

நான் பிறந்தது மலாக்காவில், மஸ்ஜித் தானா போகிற வழியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். பள்ளி மூன்றாம் படிவத்தோடு நின்றது. செங் என்ற ஊரில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக் கோயிலில் நாடகம் எடுக்கக் கோலாலம்பூரில் இருந்து டிவிக்காரர்கள் வந்தார்கள். வெயிலைத் திருப்பி நடிகையின் முகத்தில் விழ வைக்க ஒரு வெள்ளைப் பலகையைப் பிடிக்க வேண்டும். ஆள் போதவில்லை. நான் பிடித்தேன். கை ஆடாமல் பிடிக்கிறான் என்றார் ஒருவர். அடுத்த வாரம் ஈப்போவுக்கு வருகிறாயா என்று கேட்டார். வாளிக்கு நான் திரும்பிப் போகவில்லை.

பலகை பிடித்தேன். லைட் தூக்கினேன். கேபிள் சுற்றினேன். பிறகு உதவி டைரக்டர். ஒரு நாடகத்தின் பாதியில் டைரக்டர் நோயில் படுத்தார். மீதியை நீ எடு என்றார்கள். எடுத்தேன். டைரக்டர் ஆனது அப்படித்தான். டிவி நாடகங்கள், தீபாவளிக்குத் தீபாவளி டெலிமூவி. தியேட்டருக்கு ஒரே ஒரு படம் எடுத்தேன். நான்கு நாள் ஓடியது.

படிப்பு இல்லாததால் கண்ணைத்தான் நம்பினேன். முன் ஷாட்டில் வலது கையில் இருந்த கோப்பிக் குவளை அடுத்த ஷாட்டில் இடது கைக்குப் போனால் எனக்கு உடனே தெரியும். சுவர்க் கடிகாரம், தாலிக்கயிறு, நெற்றிப் பொட்டு எதுவும் தப்பாது. அவர் படத்தில் பிழை இருக்காது என்று சேனலில் சொல்வார்கள். எனக்கு என்று இருந்த பேர் அது ஒன்றுதான். நான் விருது வாங்கியவன் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் பிணமாகப் படுத்தவர், ஷாட் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் எடுப்போம். படத்தில் அது வராது. கேமரா கடைசியாகப் பார்த்த முகம் செத்த முகமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் செய்கிறார்கள், நாங்களும் செய்கிறோம். என் கேமராமேன் மஸ்ஜித் தானாவைச் சேர்ந்த மலாய்க்காரர். பன்னிரண்டு வருடமாக என்னோடு இருக்கிறார். இதில் என்னைவிட அவர்தான் கறார். பிணம் எழுந்த உடனே "செனியும், செனியும்!" என்பார். சிரி, சிரி என்று அர்த்தம். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒரு தடவைகூட விட்டதில்லை.

விட்டது அந்த ஒரு நாள்.

அது ஒரு தீபாவளி டெலிமூவி. நான் பிறந்த தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்து இன்னும் இடிக்காமல் நின்ற ஒரு லயத்து வரிசையில் எடுத்தோம். கதையில் அப்பா செத்துப்போகிறார். வாசலில் சவப்பெட்டி. சுற்றி ஆறு பெண்கள் அழ வேண்டும். பெட்டி நிஜப் பெட்டி, கடையில் இரவல் வாங்கியது. பிணமாக நடிக்க ஒத்துக்கொண்டிருந்தவர் காலை எட்டு மணிக்குப் போன் செய்தார். "மகளுக்கு நிச்சயம் வச்சிருக்கு சார். இந்த நேரத்துல பெட்டியில போயி படுப்பீங்களான்னு வீட்டுக்காரி சண்டைக்கு வர்றா. மன்னிச்சிக்கங்க" என்றார். வைத்துவிட்டார்.

வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

அண்ணன் அன்றைக்கு அங்கே இருந்தார். எனக்கு மூன்று வயது மூத்தவர். சுங்கை ஊடாங் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் சாரம் கட்டுகிற வேலை. மதியம் இரண்டு மணிக்குத்தான் வேலை என்று, எல்லாருக்கும் நாசி லெமாக் சோறு வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

"ஏன்டா, ஆளு வரலையா?"

"வரல."

"படுத்துக் கெடக்கத்தானே வேணும்? நான் படுக்கிறேன். வசனம் ஒண்ணும் இல்லையே?"

"வேணாம்ண்ணே."

"வேற யாரு இருக்கா? உன் மலாய்க்காரன படுக்க வைப்பியா?"

மேக்கப் போடும் பெண் அவரை உட்கார வைத்துத் திருநீறு பூசினாள். "அண்ணே, சாவுறதுக்கு முன்னாடி சவரம் பண்ணிக்கிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள்.

"செத்தவனுக்கு எதுக்கும்மா அழகு? பொண்ணா பாக்கப் போறேன்?"

தாடையைச் சுற்றித் துணி கட்டினோம். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினோம். நெற்றியில் ஐம்பது காசு ஒன்றை ஒட்டினோம். நெஞ்சில் செவ்வந்தி மாலை. பெட்டிக்குள் படுத்ததும், "நல்லா மெத்தையா இருக்குடா" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெண்கள் அழ ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர்கள் பக்கத்துத் தாமான் வீடுகளில் இருந்து வந்தவர்கள், நடிகைகள் இல்லை. யாரை நினைத்து அழுதார்களோ, நிஜமாகவே அழுதார்கள். பெட்டிக்குள் என் அண்ணன் முகம். நான் அதைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தேன்.

நான்கு ஷாட் எடுத்தோம். கடைசி ஷாட்டுக்கு முன் பெட்டிக்குள் இருந்து குறட்டை வந்தது. அண்ணன் தூங்கிவிட்டார். முந்தின நாள் இரட்டை வேலை பார்த்தவர். எழுப்ப வேண்டாம், குறட்டை நிற்கட்டும் என்றேன். நின்றது. எடுத்தோம். கட் சொல்வதற்குள் இடி விழுந்தது. அடுத்த நிமிடம் மழை. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒருவர், லைட்டைத் தூக்கிக்கொண்டு ஒருவர், எல்லாரும் லயத்துக்குள் ஓடினோம். அண்ணன் தானே எழுந்து, கால் கட்டை அவிழ்த்து, எங்களோடு ஸ்டாண்டுகளைத் தூக்கினார். தாடைத் துணி கழுத்தில் தொங்கியது. மணி பார்த்தார். "நேரமாச்சுடா" என்று காடியை எடுத்துக்கொண்டு போனார். மாலையைக்கூட முன்சீட்டில் போட்டுக்கொண்டுதான் போனார்.

மழை விட்ட பிறகு கேமராமேன் என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பாஸ், செனியும் பெலும்" என்றார். சிரிப்பு இன்னும் எடுக்கவில்லை என்கிறார்.

"நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றேன்.

மறுநாள் அண்ணனைக் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். நீ செத்த மாதிரி இருந்துவிட்டாய், எழுந்து சிரித்துவிட்டுப் போ என்று அண்ணனிடம் எப்படிச் சொல்வது. அண்ணிக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். அவர் பெட்டியில் படுத்ததே அண்ணிக்குத் தெரியாது. நம்பிக்கை இல்லாதவனுக்கு ஏன் இந்த யோசனை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவர் வேலை உயரத்தில். ஒவ்வொரு நாளும் பத்து மாடி உயரத்தில் இரும்புக் குழாய் மேல் நிற்கிறார். போன் அடித்தால் யார் நம்பர் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

பதினெட்டாம் நாள் போன் வந்தது. அண்ணிதான். சாரத்தில் ஏறும்போது மூச்சு வாங்கியதாம். பாதியில் உட்கார்ந்துவிட்டாராம். கீழே இறக்கி மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இதயத்தில் மூன்று அடைப்பு. கோலாலம்பூரில் ஆப்பரேஷன் செய்ய வேண்டும். வியாழக்கிழமை அங்கே இடம் கிடைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஓர் இளம் டாக்டர் சொன்னார், தமிழ்ப் பெண். நான் தலையை ஆட்டினேன். காதில் விழுந்தது வேறு. அண்ணனைக் கடைசியாக எடுத்த படம் அந்தப் பெட்டியில் எடுத்ததுதான். அதுமட்டும்தான் உள்ளே ஓடியது.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

மறுநாள் மதியம் வார்டுக்குப் போனேன். அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்தேன்.

"அண்ணே, இங்க பாரு. கொஞ்சம் சிரி."

அவர் சிரிக்கவில்லை. போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா போட்டோ எடுக்குற ஆளா நீ?"

நான் போனை இறக்கவில்லை. சிரித்துவிட்டால் போதும், ஒரு நொடி போதும் என்று நின்றேன்.

"டாக்டர் உன்கிட்ட என்னடா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்பாவ எடுத்த மாதிரி எடுக்குற" என்றார்.

கஞ்சிக் கரண்டி கிண்ணத்தில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா இதே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இப்படித்தான் போனைத் தூக்கி, சிரிங்கப்பா என்றேன். டாக்டர் கைவிரித்த பிறகு எடுத்தது. சாவுச் செய்தி வாட்ஸ்அப்பில் போனபோது அந்தப் படம்தான் போனது. மாலை போட்டு மாட்டியிருப்பதும் அதுதான். எங்கள் குடும்பங்களில் படுக்கையில் இருக்கிறவரைப் படம் எடுத்தால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. இருபது வருடம் படம் எடுத்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "எனக்கு ஆப்பரேஷன் வேணாம். போறதுன்னா முழுசாப் போறேன். கிழிச்சி, தெச்சி அனுப்பாதீங்க."

டாக்டர் வந்து பேசினார். "அங்கிள், இது ரொம்ப டேஞ்சர்லா. வெயிட் பண்ண முடியாது. நீங்க சைன் பண்ணலன்னா அந்த இடத்த வேற பேஷண்டுக்குக் குடுத்துடுவாங்க."

"குடுத்துடுங்கம்மா. அவனாவது பொழைக்கட்டும்."

அண்ணி கும்பிட்டுப் பார்த்தார். அழுது பார்த்தார். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்குத் திங்கட்கிழமை. அவரைச் சாகடிக்கப் போவது அடைப்பு இல்லை, நான்தான் என்று நினைத்துக்கொண்டு செங்குக்கு வந்தேன். காடியை ஓட்டினேன், வழி ஞாபகம் இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் திரும்பப் போனேன். போனைக் காடியிலேயே வைத்துவிட்டுப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் முதுகிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கத்தைச் சொன்னேன். மழையைச் சொன்னேன். கேமராமேன் கேட்டதைச் சொன்னேன். பதினெட்டு நாள் சொல்லாமல் இருந்ததைச் சொன்னேன். டாக்டர் என்னிடம் தனியாக ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் இருமிக்கொண்டிருந்தார். அண்ணன் மெதுவாகத் திரும்பினார்.

"அதுக்கா போனத் தூக்குன?"

"ஆமாண்ணே."

"மடப்பயலே. நான்தான் பெட்டியில தூங்கிட்டேனே. தூங்குறவன் எப்படிடா பொணமாவான்?"

அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"போயி உன் படத்தப் பாரு. மூச்சு விடுறது தெரியும். தெரியலன்னா வா, நான் சிரிக்கிறேன். பல்லு முப்பத்திரண்டும் காட்டுறேன். இப்ப அந்தப் பேப்பரக் கொண்டாரச் சொல்லு."

கையெழுத்துப் போட்டார். எழுத்து கோட்டைத் தாண்டிப் போனது.

அண்ணி பிளாஸ்கோடு திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நடைபாதையில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, ஆப்பரேஷன் அன்னைக்கி நீங்க வராதீங்க."

"சரி அண்ணி."

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மூஞ்சப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு."

"சரி அண்ணி."

அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்தேன்.

வீட்டு முன் அறையில்தான் எங்கள் எடிட்டிங். ஒரு பெண் வந்து செய்து கொடுப்பாள். கெட்டிக்காரி. நான் போனபோது அவள் சாவு சீனில்தான் இருந்தாள். கடைசி ஷாட்டை ஓட்டச் சொன்னேன். பதினொரு வினாடி. பெண்கள் அழுகிறார்கள், கேமரா மெதுவாக அண்ணன் பக்கம் போகிறது. நெஞ்சில் செவ்வந்தி மாலை. அது ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"பாத்தீங்களா அண்ணே? மூச்சு விடுறாரு" என்றாள். "இந்த ஷாட்ட விட்டா வேற இல்ல. அவர மட்டும் பிரீஸ் பண்ணிட்டா அசைவு நின்னுடும். அஞ்சு நிமிஷ வேல. பண்ணிடவா?"

"இரு."

"சேனல்ல திருப்பி அனுப்பிடுவாங்க அண்ணே."

"இரும்மா."

புதன்கிழமை மற்ற வேலைகளை முடித்தோம். அந்த ஷாட்டை அப்படியே வைத்திருந்தேன். வியாழன் மாலை ஐந்து மணிக்குள் சேனலுக்குப் படம் போக வேண்டும். அண்ணனுக்கு வியாழன் காலை எட்டு மணிக்கு ஆப்பரேஷன்.

வியாழக்கிழமை நான் பசியாறவில்லை. மதியமும் சாப்பிடவில்லை. எடிட்டர் பெண் தேத்தண்ணி போட்டு வைத்தாள், ஆறிப்போனது. எட்டு, ஒன்பது, பத்து. போன் மேசை மேல் இருந்தது. வாசல் கேட் அசைந்தால்கூடத் திடுக்கிட்டேன். மூன்று மணிக்குப் போன் அடித்தது.

"முடிச்சிட்டாங்க தம்பி" என்றார் அண்ணி. "கண்ணு முழிக்கல. வாயில டியூப் போட்டிருக்கு. மெஷின்தான் மூச்சு விடுது."

"முழிச்சிடுவாரு அண்ணி."

"கண்ணாடி வழியாத்தான் பாக்க விட்டாங்க. அவரு மாதிரியே இல்ல." மூக்கை உறிஞ்சினார். "தம்பி, அந்தப் படத்துல மூச்சு விடுறது தெரியும்னு அவரு சொன்னாரே. நெசமாவா?"

"நெசம்தான் அண்ணி."

"எனக்கு அனுப்புங்க."

"அண்ணி, அது பெட்டிக்குள்ள..."

"தெரியும். அனுப்புங்க."

எடிட்டர் பெண் பதினொரு வினாடியை வெட்டிக் கொடுத்தாள். அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. கோலாலம்பூரில் ஒரு நடைபாதையில் நின்றுகொண்டு, தன் புருஷன் சவப்பெட்டியில் மூச்சு விடுவதை அண்ணி பார்க்கிறார். நான் செங்கில் உட்கார்ந்து அதையே பார்க்கிறேன்.

நாலே முக்காலுக்கு எடிட்டர் பெண் கேட்டாள். "அண்ணே, பிரீஸ் போட்டு அனுப்பிடவா? நேரம் இல்ல."

அவள் விரல் பொத்தான் பக்கம் இருந்தது. அண்ணன் கோலாலம்பூரில் மெஷினில் இருக்கிறார். இங்கே தானாக விடுகிற மூச்சு இது ஒன்றுதான். அதை என் வீட்டில் வைத்து, என் வாயால் சொல்லி நிறுத்த வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. நம்பிக்கை இல்லை என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பேச்சு எங்கே போனதோ.

"அனுப்பாத. அவரு முழிக்கட்டும்."

"அண்ணே, சேனல்..."

"முழிக்கட்டும்மா."

ஐந்து மணி தாண்டியது. சேனலில் இருந்து நான்கு தடவை கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை. எடிட்டர் பெண் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை அவளாகவே வந்தாள். கையில் எனக்கும் சேர்த்துச் சாப்பாட்டுப் பொட்டலம்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி இருக்கும். அண்ணி போன் செய்தார்.

"டியூப எடுத்துட்டாங்க தம்பி. தானா விடுறாரு. என்னைப் பாத்தாரு."

நான் உட்கார்ந்தேன். நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"சிரிச்சாரா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன்.

"சிரிக்கிறதா? தொண்ட வலிக்குதுன்னு நர்ச வையிறாரு" என்றார்.

எடிட்டர் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போடு" என்றேன். "பிரீஸ்?" என்றாள். "இல்ல. அப்படியே போடு."

சேனலில் திருப்பித்தான் அனுப்பினார்கள். அந்த ஷாட் அப்படியேதான் இருக்கும் என்றேன். தீபாவளிக்கு அவர்கள் கையில் வேறு படம் இல்லை. ஒளிபரப்பினார்கள். மறுநாளே அந்தப் பதினொரு வினாடியை யாரோ வெட்டி டிக்டாக்கில் போட்டார்கள். பொணம் நல்லா தூங்குது, எழுப்பாதீங்க என்று ஒருவர் எழுதியிருந்தார். டைரக்டரும் தூங்கிட்டாரு போல என்று இன்னொருவர். அண்ணன் நெஞ்சுத் தையலோடு நாற்காலியில் சாய்ந்து ஒவ்வொன்றையும் எனக்கு வாசித்துக் காட்டினார். சிரித்தால் தையல் இழுக்கும் என்று கையை நெஞ்சில் அழுத்திக்கொண்டார். அண்ணி அடுப்படியில் இருந்து, "போதும் வையிங்க" என்றார். அண்ணி போனில் அந்தப் பதினொரு வினாடி இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் கேட்டதில்லை.

அடுத்த வருடத்து டெலிமூவியை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சேனலில் பொறுப்பில் இருக்கும் அம்மா நல்லவர். எனக்காக வருத்தப்பட்டார்.

"உங்க படத்துல ஒரு தப்பு நான் பாத்ததில்ல சார். எப்படி சார் இதக் கவனிக்காம விட்டீங்க?"

"கவனிக்கலம்மா" என்றேன்.